ஆற்றில் கால் வைக்காத பாலம்

1987 ஏப்ரல் 5, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க் மாநிலத்தின் முதன்மையான நெடுஞ்சாலை ஸ்கோஹரி ஓடையைத் தாண்டும் இடத்தில், பாலத்தின் தூண் ஒன்று வெள்ளத்தில் சாய்ந்தது. அதன் மேலிருந்த தளமும் கூடவே போயிற்று. நான்கு கார்களும் ஒரு லாரியும் தண்ணீருக்குள் விழுந்தன. 10 பேர் இறந்தார்கள். எஃகும் கான்கிரீட்டும் சேர்த்துக் கட்டிய அந்தப் பாலத்துக்கு 33 வயதுதான். ஆறு நாள் கழித்து, சற்று மேலே அதே ஓடையில் இருந்த இன்னொரு பாலமும் விழுந்தது. முன்கூட்டியே மூடி வைத்திருந்ததால் அங்கே உயிர்ச்சேதம் இல்லை.

அதே ஓடையில், இன்னும் வெகுதூரம் மேலே, வடக்கு பிளென்ஹைம் என்ற கிராமத்தில் ஒரு மரப்பாலம் இருந்தது. 1855இல் கட்டியது, அப்போது அதற்கு 132 வயது. அந்த வசந்தகாலத்தையும் அது கடந்து நின்றது. பிறகு, 2011 ஆகஸ்ட் 28 அன்று, அதுவும் வெள்ளத்தோடு போயிற்று.

ஸ்கோஹரி என்ற பெயருக்கு மோஹாக் மொழியில் ‘வெள்ளம் அடித்து வரும் மரம்’ என்று பொருள் சொல்கிறார்கள். பெயரில்தான் அது ஓடை. கேட்ஸ்கில் மலைகளில் பிறந்து, வடக்கு நோக்கி ஏறக்குறைய 150 கிலோமீட்டர் ஓடி மோஹாக் ஆற்றில் கலக்கிறது. மலைச்சரிவு செங்குத்து என்பதால் பெய்த மழை தங்காது, ஒரே மூச்சில் இறங்கிவிடும். காலையில் கணுக்காலளவு ஓடுகிற நீர் மாலையில் கரையைத் தொடும். இப்படிப்பட்ட ஓடையின் குறுக்கே வெறும் மரத்தால் ஒரு பாலத்தைப் போட்டு, அது 156 ஆண்டுகள் நிற்பதற்கு என்ன வேண்டும்?

முதலில் கூரை.

அமெரிக்காவின் கூரைப் பாலங்களைப் படத்தில் பார்த்த எல்லோருக்கும் எழும் கேள்விதான்: பாலத்துக்கு எதற்குக் கூரை? ஊருக்கு ஒரு பதில் உண்டு. ஓடும் தண்ணீரைப் பார்த்தால் குதிரை மிரளும், அதனால் மாட்டுக்கொட்டகை மாதிரி கட்டினார்கள் என்பார்கள். மழைக்கு ஒதுங்க என்பார்கள். காதலர்கள் முத்தமிட என்றும் ஒரு கதை. ‘முத்தப் பாலம்’ என்றே அதற்குச் செல்லப்பெயர் உண்டு. பனி தளத்தில் குவியாமல் இருக்க என்பது இன்னொன்று. இந்தக் கடைசிப் பதில் கேட்க நியாயமாகத் தெரிந்தாலும் உண்மை அதற்கு நேர் எதிர். குளிர்காலத்தில் அந்த ஊர்களில் சக்கர வண்டி ஓடாது, பனிச்சறுக்கு வண்டிதான். கூரை பனியைத் தடுத்துவிட்டால் பாலத்துக்குள் வெறும் பலகைதான் கிடக்கும். சறுக்கு வண்டி அதில் உரசிக்கொண்டு நின்றுவிடும். அதனால் கூலி கொடுத்து ஆள் வைத்து, வெளியே கிடக்கும் பனியை வாரிக்கொண்டுவந்து பாலத்துக்குள் பரப்பினார்கள். கூரையும் போட்டு, அதற்குள் பனியும் போட்டிருக்கிறார்கள் என்றால், அந்தக் கூரை பயணிக்காகப் போட்டதில்லை என்பது விளங்கும்.

கூரை மரத்துக்காக. ஓட்டு வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒழுகாத வீட்டின் உத்தரம் தாத்தா காலத்திலிருந்து அப்படியே இருக்கும். ஒரு ஓடு விலகிய இடத்தில் கைமரம் பத்தே ஆண்டில் கையோடு உதிர்ந்து வரும். மரத்தை அரிக்கும் பூஞ்சைக்கு ஈரம் வேண்டும். மரத்துக்குள் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழேயே இருந்தால் பூஞ்சை தலை எடுப்பதில்லை. பாலத்தில் ஈரம் தங்குகிற இடம் எது என்று பார்த்தால், இரண்டு சட்டங்கள் சேரும் மூட்டு. ஒரு சட்டத்தைத் துளைத்து இன்னொன்றின் முனையைச் செருகியிருப்பார்கள். அந்தத் துளைக்குள் இறங்கிய மழைத்தண்ணீர் வெயிலுக்கும் காற்றுக்கும் எட்டாமல் உள்ளேயே கிடக்கும். பாரத்தைச் சுமக்கிற இடமும் அந்த மூட்டுதான். வெளியே பார்க்க மரம் கருங்காலி மாதிரி இருக்கும், உள்ளே மூட்டு சோறாகியிருக்கும். ஒரு நாள் வைக்கோல் வண்டியோடு பாலம் இறங்கிவிடும்.

ஐரோப்பாவில் இந்த அறிவு பழையது. ஸ்விட்சர்லாந்தின் லூட்சர்ன் நகரத்தில் 14ஆம் நூற்றாண்டிலேயே கூரை போட்ட பாலம் கட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவில் அது வேரூன்றியது 1805இல் திறந்த பிலடெல்பியா பாலத்திலிருந்து. கட்டியவர் டிமோதி பால்மர். கூரை போட வேண்டும் என்று வற்புறுத்தியவர் பாலக் கம்பெனியின் தலைவர், நீதிபதி ரிச்சர்ட் பீட்டர்ஸ். பால்மரும் அதற்கு உடன்பட்டு எழுதிய கணக்கு ஒன்று உண்டு: திறந்து கிடக்கும் மரப்பாலம் 10, 12 ஆண்டு தாங்கும், மூடினால் 30, ஒருவேளை 40 ஆண்டு. பெரிய தச்சரின் இந்த மதிப்பீடு எவ்வளவு கஞ்சத்தனமானது என்பதைப் பிளென்ஹைம் காட்டியது. கூரைப்பலகை பழுதானால் மாற்றிக்கொள்ளலாம், பக்கப்பலகை பெயர்ந்தால் ஆணி அடிக்கலாம். விலை மலிவான பலகையை வெயிலுக்கும் மழைக்கும் பலி கொடுத்து, விலை மதிப்புள்ள எலும்புக்கூட்டைக் காப்பாற்றுவதுதான் உபாயம்.

அந்த எலும்புக்கூட்டைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான்கு சட்டங்களைச் சதுரமாகச் சேர்த்து ஆணி அடியுங்கள். மூலையைப் பிடித்துத் தள்ளினால் சதுரம் சாய்ந்துவிடும். மூலைக்கு மூலை சாய்வாக ஒரு சட்டம் அடித்தால் பிறகு எவ்வளவு தள்ளினாலும் அசையாது. பலகைக் கதவின் பின்புறம் நம் ஆசாரிகள் சாய்வாக ஒரு கட்டை அடிப்பது இதற்குத்தான். இந்தச் சதுரங்களை வரிசையாகக் கோத்தால் ஒரு நீளமான சட்டகம் கிடைக்கிறது. அப்படி இரண்டு சட்டகங்களை ஆற்றின் குறுக்கே நிறுத்தி, நடுவே தளம் போட்டால் பாலம். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் இந்தச் சட்டகத்தை யார் எப்படிக் கோப்பது என்பதே பெரிய வியாபாரமாக இருந்தது. தியோடர் பர் சட்டகத்தோடு ஒரு மரவளைவையும் சேர்த்தார். இதியல் டவுன் 1820இல் காப்புரிமை வாங்கிய முறையில் கனமான தூலமே தேவையில்லை. ஜன்னல் பின்னல்தட்டி மாதிரி பலகைகளைக் குறுக்கும் நெடுக்கும் சாய்த்து, மர ஆணியால் இறுக்கிவிட்டால் போதும். கைதேர்ந்த தச்சர் இல்லாத ஊரிலும் கட்டலாம் என்பதால் அது காட்டுத்தீ போலப் பரவியது. டவுனுக்கோ அடிக்கு இவ்வளவு என்று காப்புரிமைப் பணம். கேட்காமல் கட்டிவிட்டு மாட்டிக்கொண்டவர்களுக்கு இரட்டிப்பு.

பிளென்ஹைமுக்கு வந்தது வேறு முறை. ராணுவப் பொறியாளர் ஸ்டீபன் லாங் 1830இல் காப்புரிமை பெற்றது. பெட்டி பெட்டியாகச் சதுரங்கள், ஒவ்வொன்றிலும் பெருக்கல் குறி மாதிரி சாய்சட்டங்கள். சூட்சுமம் ஆப்பில் இருக்கிறது. சாய்சட்டத்தின் முனையில் ஆப்பு வைத்து அடித்து இறுக்கினால், பாரம் ஏறுவதற்கு முன்பே சட்டகம் விறைத்துக்கொள்கிறது. காலப்போக்கில் மரம் உலர்ந்து சுருங்கி மூட்டு தளர்ந்தால், திரும்பவும் ஆப்பைத் தட்டிக்கொள்ளலாம். கயிற்றுக் கட்டில் தொய்ந்தால் இழுத்துக் கட்டுவதில்லையா, அதே காரியம். தச்சரின் கண்ணளவை நம்பாமல், ஓரளவு கணக்குப் போட்டு உருவாக்கிய முதல் அமெரிக்கச் சட்டகங்களில் ஒன்றாக இதைச் சொல்வார்கள்.

பிளென்ஹைம் பாலத்தைக் கட்டியவர் நிக்கலஸ் மாண்ட்கோமரி பவர்ஸ். 1817இல் வெர்மான்ட் மாநிலத்தின் பிட்ஸ்ஃபோர்டில் பிறந்தவர். கல்லூரிப் படிப்பு கிடையாது, கைத்தொழிலாகக் கற்றவர். 20 வயதில் சொந்த ஊரிலேயே முதல் பாலத்தை ஒப்பந்தம் எடுத்தபோது ஊர்க்காரர்களுக்கு நம்பிக்கை வரவில்லை. பையன் மரத்தை வெட்டிப் பாழாக்கினால் அதற்குரிய பணத்தை நான் தருகிறேன் என்று அவருடைய அப்பா பிணை நிற்க வேண்டியிருந்தது. பாழாக்கவில்லை. பிற்காலத்தில் சஸ்குவெஹானா ஆற்றின் மேல் கட்டப்பட்டுவந்த ரயில் பாலத்தை 1866இல் சூறாவளி சிதைத்தபோது அதைச் சரிசெய்ய இவரைத்தான் அழைத்தார்கள்.

1855இல் பிளென்ஹைமுக்கு வந்தபோது அவருக்கு 38 வயது. ஸ்கோஹரிப் பள்ளத்தாக்கு அன்று செழிப்பான கோதுமைப் பூமி. விடுதலைப் போர்க்காலத்தில் வாஷிங்டனின் படைக்குச் சோறு போட்ட பகுதிகளில் ஒன்று. மேலே கேட்ஸ்கில் மலையில் ஹெம்லாக் மரப்பட்டையை உரித்துத் தோல் பதனிடும் தொழிற்சாலைகள். வண்டிப் போக்குவரத்துக்குப் பஞ்சமில்லை, சுங்கம் வசூலித்தால் பாலம் போட்ட காசு திரும்பும். அதனால் இரண்டு வண்டிகள் எதிரெதிரே போகும்படி இரட்டைப் பாதை கேட்டார்கள். கூரைப் பாலங்களில் இது அபூர்வம். இன்று அமெரிக்கா முழுவதும் தேடினாலும் இரட்டைப் பாதைப் பாலங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

பாதை இரண்டென்றால் சட்டகம் மூன்று வேண்டும்: இரண்டு ஓரங்களிலும் ஒவ்வொன்று, நடுவில் ஒன்று. நடுச்சட்டகம் இரண்டு பாதைகளின் பாரத்திலும் பாதிப் பாதியைத் தாங்குகிறது. அதாவது ஓரச் சட்டகத்தைப் போல இரண்டு பங்கு. பவர்ஸ் அதை மட்டும் உயரமாக எழுப்பி, அதனோடு ஒரு பெரிய மரவளைவையும் பிணைத்தார். வளைவின் இரண்டு பாதங்களும் தளத்துக்குக் கீழே கரைச்சுவரில் ஊன்றியிருக்கும். உச்சி கூரையின் முகட்டைத் தொடும். பாலத்தின் மொத்த நீளம் 232 அடி. இரண்டு கரைச்சுவர்களுக்கும் இடையே ஏறத்தாழ 210 அடி, நடுவில் எந்தத் தூணும் இல்லை. ஒரே தாவு. உலகிலேயே மிக நீளமான ஒற்றைத் தாவு கூரைப் பாலம் என்று பல காலம் இதைச் சொன்னார்கள். கலிபோர்னியாவில் 1862இல் கட்டிய பிரிட்ஜ்போர்ட் பாலத்துக்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். எங்கிருந்து எதுவரை அளப்பது என்பதில்தான் அந்த வழக்கு நிற்கிறது. நாம் அதில் தலையிட வேண்டாம்.

சட்டங்களை முதலில் கிராமத்துக்குப் பின்னால் வெட்டவெளியில் பரப்பி, ஒன்றோடு ஒன்று பொருத்திப் பார்த்து, பிறகு கழற்றி ஆற்றுக்குக் கொண்டுபோனார்கள். செலவு சுமார் 6,000 டாலர். வேலை முடிந்து சாரத்தைப் பிரிக்கும் நாளில் ஊரே கரையில் கூடியது. இவ்வளவு கனமான பாலம் தன் பாரத்திலேயே ஒடிந்துவிடும் என்று சொன்னவர்கள் இருந்தார்களாம். பவர்ஸ் கூரையின் முகட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு, பாலம் போனால் நானும் அதோடு போகிறேன் என்று சொல்லிவிட்டுச் சாரத்தை எடுக்கச் சொன்னார் என்பது அந்தப் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லும் கதை. உண்மையோ இல்லையோ, நல்ல கதை. பாலம் இம்மி இறங்கி அப்படியே நின்றது.

1987 வெள்ளத்துக்குத் திரும்புவோம். அந்த நெடுஞ்சாலைப் பாலத்தை வீழ்த்தியது தண்ணீரின் எடையோ வேகமோ நேரடியாக இல்லை. ஆற்றுக்குள் ஒரு தூணை நட்டால், அதில் மோதும் நீர் கீழ்நோக்கித் திரும்பிச் சுழன்று, தூணின் அடிமண்ணைத் தோண்டும். கடற்கரையில் அலை திரும்பும்போது நம் குதிகாலுக்கு அடியில் மணல் பறிபோவதை எல்லோரும் அனுபவித்திருப்போம், அதேதான். அந்தப் பாலத்தின் தூண்கள் ஆழமில்லாத அடித்தளத்தில் நின்றவை. அடித்தளத்தைச் சுற்றிப் போட்ட பாதுகாப்புக் கற்களை 30 ஆண்டு வெள்ளங்கள் ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டு போயிருந்தன. அவற்றை யாரும் திரும்பப் போடவில்லை. பாலம் விழக் காரணம் மேலே இருந்த எஃகு இல்லை. இந்த விபத்துக்குப் பிறகுதான் அமெரிக்காவில் பாலங்களின் தண்ணீருக்கு அடியில் உள்ள பகுதியையும் முறையாகச் சோதிக்க வேண்டும் என்ற விதி இறுகியது.

பவர்ஸின் பாலத்துக்கு ஆற்றில் காலே இல்லை. அரிக்க ஒன்றுமில்லாத இடத்தில் வெள்ளம் என்ன செய்யும்? அடியில் ஓடிவிட்டுப் போகும். நடுத்தூண் வைத்திருந்தால் தச்சு வேலை பாதியாகக் குறைந்திருக்கும். 210 அடித் தாவுக்கு முதுகெலும்பாக அந்த வளைவும் தேவைப்பட்டிருக்காது. அந்தச் சுலப வழியை எடுக்காததுதான் பாலத்தின் ஆயுள் என்று எனக்குத் தோன்றுகிறது. ஓடையைப் பற்றி பவர்ஸ் என்ன நினைத்தார் என்று எழுதி வைக்கவில்லை. பாலம் போட்ட 14 ஆண்டில் ஓடையே அதைச் சொல்லிக் காட்டியது. 1869 வெள்ளம் பாலத்தை அசைக்க முடியாமல் மேற்குக் கரையை அறுத்துக்கொண்டு, பாலத்தின் கோடியைச் சுற்றிப் புதிய வழி ஒன்றைத் தோண்டியது. ஊர்க்காரர்கள் அந்தப் புதிய வாய்க்காலுக்குத் தனியாக இன்னொரு துண்டுப் பாலம் போட வேண்டியதாயிற்று.

அதே வெள்ளம் சில மைல் மேலே கில்போவாவில் இன்னொரு வேலையும் பார்த்தது. கரைப்பாறையைக் கிழித்து, நின்ற நிலையிலேயே கல்லாகிப்போன அடிமரங்களை வெளியே தள்ளியது. சுமார் 38 கோடி ஆண்டுகளுக்கு முந்தையவை. உலகின் மிகப் பழைய காடுகளில் ஒன்றின் மிச்சம். 1920களில் நியூயார்க் நகரத்தின் குடிநீருக்காக அங்கே அணை கட்டக் கல் உடைத்தபோது இன்னும் பல கிடைத்தன. பழைய கில்போவா கிராமம் அந்த அணையின் நீருக்குள் போயிற்று. பாலத்தின் கதைக்கு இது தேவையா என்றால் இல்லைதான். ஆனால் மரம் என்ற பெயருள்ள ஓடையில் கல்மரமும் கிடைத்தது என்பதைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை.

குதிரை வண்டிகள் போய் மோட்டார் வண்டிகள் வந்தன. 1930களின் தொடக்கத்தில் பக்கத்திலேயே எஃகுப் பாலம் போட்டார்கள். வழக்கமாக இந்தக் கட்டத்தில் மரப்பாலத்தைப் பிரித்து விறகாக்கிவிடுவார்கள், அல்லது அதுவாகவே எரிந்துபோகும். அமெரிக்காவில் ஒரு காலத்தில் 10,000க்கும் மேற்பட்ட கூரைப் பாலங்கள் இருந்ததாக மதிப்பிடுகிறார்கள். இன்று ஆயிரம்கூட இல்லை. மிஞ்சியவற்றில் பெரும்பாலானவை பாதுகாப்பு உணர்வால் மிஞ்சியவை இல்லை. அந்தச் சாலையில் புதுப் பாலம் போடும் அளவுக்கு யாருக்கும் வேலையில்லை, யாரிடமும் பணமில்லை. பிளென்ஹைமில் மட்டும் மாவட்ட நிர்வாகமே பழைய பாலத்தை நினைவுச்சின்னமாக வைத்துக்கொள்ள முடிவெடுத்தது. அதே பத்தாண்டில், பொருளாதார நெருக்கடியால் வேலையிழந்த கட்டட வரைஞர்களுக்கு அரசு வேலை கொடுத்துப் பழைய கட்டடங்களை அளந்து வரையவைத்தபோது, இந்தப் பாலத்தையும் அளந்து தாளில் ஏற்றினார்கள். அந்தத் தாள்கள் பின்னால் உதவின. 1964இல் தேசிய வரலாற்றுச் சின்னம் என்ற தகுதி. நடந்து போகிறவர்கள் மட்டும் உள்ளே போகலாம்.

2011 ஆகஸ்ட் கடைசியில் ஐரீன் புயல் கரையேறி வலுவிழந்தபின், மிச்ச மழையையெல்லாம் கேட்ஸ்கில் மலைமேல் கொட்டியது. சில இடங்களில் 11 அங்குலத்துக்கும் மேல். கில்போவா அணையின் மேல் அதுவரை கண்டிராத உயரத்துக்கு நீர் வழிந்தது. அணை உடையலாம் என்று சங்கு ஒலித்து, கீழே இருந்த ஊர்களைக் காலிசெய்யச் சொன்னார்கள். அணை உடையவில்லை. வழிந்த நீரே போதுமானதாக இருந்தது.

இந்த முறை வெள்ளம் பாலத்துக்கு அடியில் போகவில்லை, பாலத்தின் உடம்பையே தொட்டது. அங்கேதான் எல்லாம் தலைகீழாகிறது. கல்பாலமானால் அதன் எடையே அதை நிறுத்தும். மரமோ தண்ணீரைவிட லேசானது. கீழ்த் தூலங்கள் நீரில் மூழ்க மூழ்க, கரைச்சுவரின் மேல் பாலம் அழுத்தும் அழுத்தம் குறைந்துகொண்டே வரும். இதைத் தெரிந்துதான் பழைய ரயில்பாலங்களில் வெள்ளக் காலத்தில் நிலக்கரியோ கல்லோ ஏற்றிய பெட்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தி வைப்பார்கள். எடை குறைந்த அதே நேரத்தில், பக்கவாட்டில் முழுநீளத்துக்கும் அடித்த பலகைகள் ஆற்றின் குறுக்கே ஒரு சுவராக நிற்கின்றன. வெறும் சட்டகமாக இருந்திருந்தால் நீர் இடைவெளிகளில் புகுந்து ஓடியிருக்கும். பலகைச் சுவர் மொத்த ஓட்டத்தையும் நெஞ்சில் வாங்குகிறது. வேரோடு மிதந்து வரும் மரங்களும் அதில் வந்து முட்டுகின்றன. ஒன்றரை நூற்றாண்டு மழையிலிருந்து எலும்பைக் காத்த பலகைதான், வெள்ளம் அந்த மட்டத்துக்கு ஏறிவிட்டால், பாலத்தை ஆற்றிடம் பிடித்துக் கொடுக்கிறது. மேலிருந்து வரும் தண்ணீரைக் கூரைக்குத் தெரியும். கீழிருந்து ஏறும் தண்ணீருக்கு அதனிடம் பதில் இல்லை.

அன்றே வெர்மான்டில் பார்ட்டன்ஸ்வில் பாலமும் போயிற்று. அது டவுனின் பின்னல் முறையில் 1870இல் கட்டியது, 151 அடி. கரைச்சுவரை ஒட்டிய மண் கரைந்து, ஒரு முனை அமுங்கி, முழுப் பாலமும் வீடு நகர்வது போல ஆற்றுக்குள் சரிந்ததை ஒருவர் படம் எடுத்த காட்சி உலகமெங்கும் சுற்றியது. கூரைப் பாலம் என்றால் என்னவென்றே தெரியாதவர்கள்கூட அதைப் பார்த்து மனம் கலங்கினார்கள். விந்தை என்னவென்றால், அந்தப் பாலம் பிறந்ததற்குக் காரணமே 1869 வெள்ளம். அது ஆற்றின் போக்கை மாற்றிவிட்டதால்தான் மறு ஆண்டு அந்த இடத்தில் பாலம் தேவைப்பட்டது.

பார்ட்டன்ஸ்வில்லுக்குப் பரிகாரம் சீக்கிரம் கிடைத்தது. கார்கள் தினமும் ஓடிய பாலம் அது. சாலை துண்டானால் ஊர் சுற்றிப் போக வேண்டும். அதே பின்னல் முறையில், கொஞ்சம் நீளம் கூட்டி, 2013 ஜனவரியில் திறந்துவிட்டார்கள். பிளென்ஹைம் பாலமோ 80 ஆண்டுகளாக எந்த வண்டியையும் சுமக்கவில்லை. வீடு இழந்தவர்களும் கடை இழந்தவர்களும் வரிசையில் நிற்கும் பள்ளத்தாக்கில், யாரும் ஓட்டிப் போகாத பாலத்துக்குப் பேரிடர் நிதி கேட்பது கூச்சமான காரியம்தான். கூட்டரசின் பேரிடர் முகமை முதலில் கைவிரித்தது. மாவட்டம் மேல்முறையீடு செய்தது, பிறகு பணம் வந்தது. இதற்கிடையே தேசியச் சின்னங்களின் பட்டியலிலிருந்து பாலத்தின் பெயரை நீக்கிவிட்டார்கள். இல்லாத ஒன்றைப் பட்டியலில் வைக்க முடியாது என்பது சரியே. திரும்பக் கட்டினாலும் அது பவர்ஸ் தொட்ட மரம் ஆகாது என்பதும் சரியே.

ஆனால் இந்தத் தூய்மைவாதத்தை நான் பாதிதான் ஏற்பேன். கூரைப் பாலத்தின் பிறவித் தத்துவமே மாற்றிக்கொண்டே இருப்பது. கூரைப்பலகை, பக்கப்பலகை, தளப்பலகை எதுவும் 156 ஆண்டு அப்படியே இருந்ததில்லை. கழற்றி மாட்டக் கூடியதாக அதைச் செய்ததால்தான் அது அவ்வளவு நாள் இருந்தது. எலும்புக்கூடு முழுவதையும் ஒரே நாளில் மாற்ற நேர்ந்தது மட்டுமே 2011இன் வித்தியாசம். எது உண்மையாகவே தொலைந்தது என்றால், பவர்ஸின் ஆட்கள் ரம்பத்தால் அறுத்து உளியால் செதுக்கிய தடங்கள். எந்த வரைபடத்திலும் அவை ஏறுவதில்லை.

புதிய பாலம் 2018இல் நிலைக்கு வந்தது. செலவு சுமார் 67 லட்சம் டாலர், முதல் பாலத்தின் விலையைப் போல ஆயிரம் மடங்குக்கு மேல். மூன்று சட்டகங்கள், நடுவில் முகட்டைத் தொடும் வளைவு, இரட்டைப் பாதை எல்லாம் பழையபடி. ஒன்றை மட்டும் துணிந்து மாற்றினார்கள்: கரைச்சுவர்களைப் பல அடி உயர்த்தினார்கள். பழைய பாலத்தில் சாலையோடு சமமாக உள்ளே நுழையலாம்; இப்போது சரிவில் ஏறித்தான் நுழைய வேண்டும். படத்தில் பார்த்தால் பாலம் ஆற்றிலிருந்து சற்று எழும்பி விலகி நிற்பது போலத் தெரிகிறது. அழகைக் கெடுத்துவிட்டார்கள் என்று சொல்வோர் உண்டு. ஆற்றில் கால் வைக்காமல் கட்டிய மனிதரிடம் கேட்டிருந்தால் உயர்த்தத்தான் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன்.

1855இல் செய்தது போலவே, இந்தப் பாலத்தையும் முதலில் தரையில் வைத்துத்தான் கோத்தார்கள். ஆனால் திரும்பக் கழற்றவில்லை. முழுப் பாலத்தையும் உருளைகளின் மேல் மெல்ல நகர்த்தி ஓடையின் குறுக்கே கொண்டுவந்து இறக்கினார்கள். ஊர் மக்கள் கரையில் நின்று பார்த்தார்கள். கூரை முகட்டில் யாரும் ஏறி உட்கார்ந்ததாகச் செய்தி இல்லை.